தோம்பில் ஏறாத வீடுகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"கலையும் குடும்ப வரலாறும்" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் செயலாளருக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, ஆளை மாத்திக் கூப்பிட்டுட்டியா?" என்று கேட்டேன். நான் கலைஞன் இல்லை. இதே கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு நில அளவைத் துறையில் சேர்ந்தவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தவர் நிலத்தை அளப்பதே என் பிழைப்பு. சங்கிலி பிடித்து அளந்த காலத்திலிருந்து இன்றைக்குச் செயற்கைக்கோளை வைத்து அளக்கிற காலம் வரைக்கும் பார்த்தாயிற்று. "அதனாலதான் உன்னைக் கூப்பிட்டோம், வா" என்றார். வந்துவிட்டேன்.

நான் பேசப்போவது வீட்டுப் படத்தைப் பற்றி. வெறும் பிளான். நான்கு சுவர், வாசல், கிணறு, மரம். இதை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் அந்த வீடு இல்லாமல் போன பிறகு அதை வரைந்தால் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் நம்ம ஊர்க் கதை. முதலாண்டு மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருப்பாக ஏதோ வெளிவந்தது. அது நிலக்கரி வகையைச் சேர்ந்தது என்று தெரிந்து, பல ஆய்வுகளுக்குப் பிறகு 1956 நவம்பர் 14 அன்று கம்பெனி பதிவாயிற்று. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் முதல்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் உதவியோடு அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. முதலியார் நூற்றுக்கணக்கான ஏக்கரைத் தாமாகவே கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியும், சிலையும் இருக்கிறது. இதெல்லாம் பொது அறிவுக் கேள்வியில் வரும்.

கேள்வியில் வராத ஒன்று உண்டு. இந்த ஊரில் "உனக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் யாருமே நெய்வேலி என்று உடனே சொல்ல மாட்டார்கள். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் அப்பாவின் ஊரைச் சொல்வார்கள். திருநெல்வேலி, பாலக்காடு, குண்டூர் என்று ஒரே தெருவில் அத்தனை ஊர் இருக்கும். சுற்றுப்பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து நம்மோடு படித்தார்களே, அவர்களில் பலருக்குச் சொல்ல ஊரே இருக்காது. ஒரு பேர் சொல்வார்கள், "அது இப்ப இல்ல" என்பார்கள். அவ்வளவுதான். நாம் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த "இப்ப இல்ல"வுக்கு மேல் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. அந்த வயசில் சினிமா பேசவே நேரம் போதாது.

இல்லை என்றால் எந்த அளவுக்கு இல்லை என்பதை ஒரு சர்வேயராக நான் சொல்ல வேண்டும். மேட்டூர் அணை 1934ல் கட்டி முடிந்தபோது ஊர்கள் மூழ்கின. ஆனால் இன்றைக்கும் கோடையில் தண்ணீர் வற்றினால் பழைய நந்தி சிலை தெரியும், தேவாலயக் கோபுரம் தெரியும். ஊர்விட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புயலில் அழிந்த தனுஷ்கோடியில் தேவாலயத்துச் சுவர் நிற்கிறது. திறந்தவெளிச் சுரங்கத்தில் அப்படி எதுவும் மிஞ்சாது. நிலக்கரி ஐம்பது, நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதற்கு மேலிருக்கிற மண் அத்தனையையும் ராட்சதச் சக்கரம் சுரண்டி எடுத்து, பெல்ட்டில் ஏற்றி, வேறிடத்தில் கொட்டுகிறது. பிறகு தோண்டி முடித்த பள்ளத்தில் மண்ணை நிரப்பி மரம் நடுகிறார்கள். அங்கே சர்வே கல் கிடையாது. மேல்மண் எது, அடிமண் எது என்ற வரிசைகூடக் கிடையாது. இன்றைக்கு நான் கருவியை வைத்து, பழைய புலப்படத்தைப் பார்த்து, "இந்த வீட்டு வாசற்படி இங்கேதான் இருந்தது" என்று துல்லியமாக ஒரு புள்ளியைக் காட்ட முடியும். வெட்டிக்கொண்டிருக்கிற சுரங்கமாக இருந்தால் அந்தப் புள்ளி அந்தரத்தில் இருக்கும். கீழே பள்ளம், மேலே வானம், நடுவில் வாசற்படி.

இழப்பீடு, வேலை, 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியது, இதையெல்லாம் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லுகிற யோக்கியதை நம்மில் யாருக்கும் இல்லை. பயிரோடு நிலம் கொடுத்தவரின் வயிற்றெரிச்சலைப் புரியவில்லை என்று சொல்லுகிற உரிமையும் இல்லை. அந்த வழக்கைத் தீர்க்க இது மேடையல்ல. நான் பேச வந்தது எந்த வழக்கிலும் வராத ஒரு சொத்தைப் பற்றி.

நிலம் எடுக்கும்போது என்னென்ன எழுதுவோம் தெரியுமா? சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நஞ்சையா புஞ்சையா, கிணறு உண்டா, கட்டடம் என்ன வகை, மரம் எத்தனை. பலாமரம் என்றால் அதற்கு ஒரு விலை, முந்திரி என்றால் ஒரு விலை. எல்லாம் சரிதான், எழுதத்தான் வேண்டும், எழுதாவிட்டால் பாவப்பட்டவனுக்குக் காசு கிடைக்காது. ஆனால் அந்தப் பலாமரத்தடியில்தான் மூத்த மகளுக்குப் பெண் பார்த்தார்கள் என்பதற்கு 'அ' பதிவேட்டில் கலம் இல்லை.

இப்படி ஒரு கலத்தைத் தம் கையால் போட்டவர் ஒருவரைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன். டெல்லியில் ஓவியம் படித்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர். 2011ல் அவர் கொண்டுவந்த நூலின் பெயரைத் தமிழில் சொன்னால் "முற்றுப்பெறாத தோம்பு". தோம்பு என்றால் என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது, எனக்கும் முதலில் தெரியவில்லை. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து டச்சுக்காரர் நடத்திய நிலப் பதிவேடு அது. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன மரம், என்ன வரி என்று எழுதுவது. நம்ம அடங்கலுக்கு ஒருவகையில் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனாதனன் என்ன செய்தார்? போரினால் வீட்டை இழந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போய், உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுங்கள் என்று கேட்டார். 1995 அக்டோபர் கடைசியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு லட்சக்கணக்கில் மக்கள் வெளியேறினார்களே, அந்த மாதிரியான இடப்பெயர்வுகளைக் கண்டவர்கள் அவர்கள். அதற்கும் முன்னால் 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியபோது, யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரம் சில மணிதான். துரத்தப்பட்டவர், துரத்தியவர் என்று சுலபமாகக் கோடு போட முடியாத மண் அது.

அந்த மக்கள் வரைந்து கொடுத்த வீடுகள் எண்பது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. முதலில் அவர்கள் கையால் வரைந்த படம். அடுத்து அதே வீட்டைக் கட்டடக்கலை முறைப்படி ஒழுங்காகக் கோடு போட்டு வரைந்தது. மூன்றாவதாக அந்த வீட்டின் கதையைக் கேட்டு ஓவியர் வண்ணச் சுண்ணத்தில் வரைந்தது. சென்னையில் கட்டடக்கலை படிக்கிற நண்பர் மகள் ஒருத்தி இதை எனக்குக் காட்டினாள். "அங்கிள், உங்க வேலைதான் இது, பாருங்க" என்றாள்.

பார்த்தேன். தொழில் புத்தி, முதலில் இரண்டாவது படத்தைத்தான் பார்த்தேன். கோடெல்லாம் சுத்தமாக இருக்கிறது. பிறகு முதல் படத்துக்குப் போனேன். அங்கே ஸ்கேல் என்பதே கிடையாது. ஞாபகம் எதைப் பெரிதாக வைத்திருக்கிறதோ அது பெரிதாக வருகிறது. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தாசில்தார் திருப்பி அடிப்பார். ஆனால் அந்த வீட்டில் ஒரு ஆள் நடமாடியிருக்கிறார் என்பது அந்தப் படத்தில்தான் தெரிகிறது. மூன்றையும் அவர் பக்கம் பக்கமாக வைத்திருப்பதுதான் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். ஓவியர் தன் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு, "இவர்கள் சோகத்தை நான் எப்படித் தீட்டியிருக்கிறேன் பாருங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்காரர் கோடு முதலில் வருகிறது.

இவரே கனடாவில் வேறொன்று செய்தார். 2010ல் வான்கூவர் நகரத்து மானுடவியல் அருங்காட்சியகத்தில், அங்கே வாழும் நம் தமிழர்களிடம் ஊர் ஞாபகமாக வைத்திருக்கிற பொருள்களை வாங்கி, கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்தார். ஊறுகாய் போடுகிற மாதிரி. கெடாமல் இருக்க வேண்டுமென்றால் காற்றுப் படாமல் மூட வேண்டும் இல்லையா?

இதற்கு முன்னோடி என்று சொல்லத்தக்க ஒருவர் வடக்கே இருந்தார். ஜரினா ஹாஷ்மி. 1937ல் அலிகாரில் பிறந்தவர், நம்மைப் போலக் கணிதத்தில் பட்டம் வாங்கியவர் என்பதை மாணவர்கள் கவனிக்கவும். அப்பா அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிரிவினைக்குச் சில ஆண்டுகள் கழித்துக் குடும்பம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. ஜரினா கணவரோடு பல நாடுகள் சுற்றி, கடைசியில் நியூயார்க்கில் நெடுங்காலம் வாழ்ந்து, 2020ல் லண்டனில் காலமானார். அவர் 1994ல் தம் தந்தையின் வீட்டைத் தரைப்படமாகச் செதுக்கி அச்சிட்டார். 1997ல் தாம் வாழ்ந்த வீடுகளை ஒன்பது படங்களாகப் போட்டார். கருப்புக் கோடு, வெள்ளைத் தாள், வேறொன்றும் இல்லை. பாகிஸ்தானிலிருந்த அக்கா இவருக்கு உருதுவில் எழுதி, தபாலில் போடாமலே வைத்திருந்த கடிதங்கள் பிறகு கைக்கு வந்தன. பெற்றோர் சாவும் வீடு விற்றதும் அவற்றில் இருந்தன. 2004ல் அந்தக் கையெழுத்தின் மேலேயே வீட்டுப் படத்தை அச்சிட்டு ஒரு வரிசை செய்தார். எழுத்தும் சுவரும் ஒன்றன்மேல் ஒன்று. எனக்கு உருது தெரியாது. ஆனால் படிக்க முடியாத கடிதத்தின் மேல் நுழைய முடியாத வீடு என்பது புரிகிறது.

இதெல்லாம் இப்போது வந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். பறம்பு மலையை இழந்த பாரியின் பெண்கள் இருவரும் பாடியது புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கிறது. மூவேந்தர் என்ன விருது வாங்கினார்கள் என்பது நமக்குத் தேவையில்லை, ஊரை விட்டு வந்த இரண்டு பெண்களின் குரல் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

சரி, என் வீட்டுக்கு வருகிறேன். என் தகப்பனார் பண்ருட்டிப் பக்கம், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். என் தாயார் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே கூலிக்குப் போன குடும்பம். 1948ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் ஆபீஸில் பூர்வீகச் சொத்தைப் பாகம் பிரிக்கும்போதுகூட இதைவிட அதிகமாகச் சண்டை போடுவார்கள்.

அம்மா 1970களின் தொடக்கத்தில் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு உறவு தேடி இந்தப் பக்கம் வந்தவர். சர்க்கார் காகிதத்தில் இவர்களுக்குப் பெயர் "தாயகம் திரும்பியோர்". பிறந்ததிலிருந்து கண்ணால் பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது? அம்மா இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அவர் பேச்சில் அந்தச் சொற்கள் மட்டும் ஒளிந்துகொண்டிருக்கும். திண்ணையை "இஸ்தோப்பு" என்பார். தண்ணீர்க் குழாயைப் "பீலி" என்பார். பிளாக்கில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

பெற்றவர்கள் பேசாமல் இருப்பது நம் வீட்டு வழக்கம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் சக்திதரன் என்ற நாடகாசிரியர் இருக்கிறார். இலங்கை அரசியலில் பேர்போன சி. சுந்தரலிங்கத்தின் கொள்ளுப்பேரன். அம்மா ஆனந்தவல்லி பரதநாட்டியக் கலைஞர். ஊரை விட்டு வந்த கதையை மகனிடம் பேசாத அம்மா. மகன் ஆண்டுக்கணக்காகத் தேடித் துருவி, அதை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாடகமாக எழுதினார். 2019 ஜனவரியில் சிட்னி டவுன் ஹாலில் அரங்கேறியது. மேடையில் தமிழும் சிங்களமும் பேசுகிறார்கள், பக்கத்தில் நிற்கும் நடிகரே ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறார். 2020ல் அந்த நாட்டின் பெரிய இலக்கியப் பரிசான விக்டோரியா பரிசு அதற்குக் கிடைத்தது. 2024ல் நியூயார்க் வரை போயிற்று. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையைச் சொல்லவே மாட்டேன் என்றிருந்த அம்மாவின் உதவியோடுதான் நாடகம் மேடையேறியது.

நம்மிடம் டவுன் ஹாலும் இல்லை, நாடகக் குழுவும் இல்லை. என்னிடம் இருந்தது பென்சில். யாழ்ப்பாணத்துப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த வாரம், அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, "அம்மா, நீ பிறந்த வீடு எப்படி இருந்துச்சு, வரைஞ்சு காட்டு" என்றேன். "அது என்னடா வீடு, லயம்தானே" என்றார். பிறகு வரைந்தார். நீளமாக ஒரு பெட்டி. அதைக் குறுக்கே கோடு போட்டுப் பன்னிரண்டாகப் பிரித்தார். அதில் ஒன்றைக் காட்டி, "இது எங்க காம்பரா" என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் எட்டுப் பேர். நான் எதிர்பார்த்தது அந்த ஒரு அறையின் படம். அவர் பன்னிரண்டு காம்பராவிலும் யார் யார் இருந்தார்கள் என்று எழுதச் சொல்லி வரிசையாகச் சொன்னார். பிறகு பிரட்டுக் களம், பீலிக்கரை, கோயில், வாகைமரம் எல்லாம் வந்தன. தாள் பத்தவில்லை, ஒட்டுப்போட்டேன். தன்னுடைய அறையை மட்டும் தனியாக வரைய அவருக்குத் தெரியவில்லை. எந்தச் சுவரும் அவருக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லையே.

கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்து அறைகளையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007 முதல் வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுத்து அம்மாவை ஒருமுறை அழைத்துப் போக ஆசை. முழங்கால் ஒத்துழைக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் என் வகுப்பு நண்பன் ஞாபகம் வந்தது. "அது இப்ப இல்ல" கோஷ்டியைச் சேர்ந்தவன். அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலைக் கொடுத்ததும், "எனக்குக் கையெழுத்தே வராது தம்பி, என்னாத்த வரையச் சொல்ற" என்று சிரித்தார். "கோடு போட்டாப் போதும்மா" என்றேன். கிழக்கே பார்த்த வாசல். கூடம். பின்னால் கிணறு. கிணற்றைத் தாண்டி முந்திரித் தோப்பு, அது தாளின் விளிம்பு வரை போயிற்று. இடையில் அவர் கொழுந்தனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, கெணறு மேக்கால இருந்துச்சு, நீங்க வடக்கால போடுறீங்க" என்றார். "தண்ணி எறைச்சவ நானா நீயா?" என்று ஒரே போடாகப் போட்டார் அந்த அம்மா. அரை மணி நேரம் அந்த வீட்டில் அமளி. அண்டை வீடு, எதிர் வீடு, தேர் நிற்கிற இடம், எல்லாவற்றுக்கும் சாட்சி கூப்பிட்டார்கள். செல்போனில் திருப்பூரிலிருந்து ஒரு தங்கை சாட்சி சொன்னார்.

என் நண்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பிறந்தது அந்த வீட்டில். ஊர் எடுக்கும்போது கைக்குழந்தை. "இவ்வளவு நாள்ல இந்தக் கெணத்தப் பத்தி எனக்கு யாருமே சொன்னதில்லடா" என்றான். பதிவேட்டைப் பார்த்தால் கிணறு எந்தத் திசை என்று நான் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். சொல்லவில்லை. அந்தத் தாளில் கிணறு இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறோம்.

குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம், உங்களையும் மறக்கவில்லை. நானும் அந்தக் கூட்டம்தானே. அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூருக்கோ கடலூருக்கோ புதுச்சேரிக்கோ போனோம். அம்மா வைத்த முருங்கையை வேறு யாரோ பறிக்கிறார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு என்பதால் நம் படமெல்லாம் ஒரே மாதிரிதான் வரும் என்று நினைப்பீர்கள். வரைந்து பாருங்கள், வராது. ஆனால் ஒன்றைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு இழப்பும் ஒரே எடை அல்ல. நமக்குப் போகிற தேதி முன்கூட்டியே தெரியும், பென்ஷன் உண்டு, ஊரில் ஒரு மனையாவது உண்டு, ஏக்கம் வந்தால் புத்தகக் கண்காட்சிக்கு வருகிற சாக்கில் அந்தத் தெருவில் ஒரு நடை நடக்கலாம். அவர்களுக்கு நடக்கத் தெருவே இல்லை. நம் பழைய பிளாக்கைப் பற்றிக் கண்ணீர் விட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள், அந்த பிளாக் வருவதற்கு முன் அங்கே என்ன ஊர் இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாயிருக்கும். பல பேருக்கு அந்தப் பெயரே தெரியாது.

இன்னொன்று, விழாக் குழுவினருக்கு. இதைக் "கிராமியக் கண்காட்சி" ஆக்கிவிடாதீர்கள். அட்டையில் ஓலைக்குடிசை, வாசலில் உரல், பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய மாணவி, செல்பி. அந்த வீடுகளில் பல ஓட்டு வீடுகள், சில மெத்தை வீடுகள், ஒன்றிரண்டில் ரேடியோகிராம் இருந்தது. ஏழையாகக் காட்டினால்தான் இரக்கம் வரும் என்று நினைப்பது அவர்களுக்கு இரண்டாவது முறை வீட்டைப் பறிப்பது போல. அவர்கள் கோட்டை நாம் திருத்தவும் வேண்டாம்.

செயலாளரிடம் பேசிவிட்டேன். இந்த அரங்கின் பின்பக்கம் மூன்று மேசை போட்டிருக்கிறார்கள். சார்ட் தாளும் பென்சிலும் இருக்கின்றன. ஸ்கேல் வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் விட்டுவந்த வீட்டை வரையுங்கள். உங்களுக்கு ஞாபகமில்லை என்றால் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய் அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுங்கள். ஊரின் பெயரை மேலே எழுதுங்கள், அந்த ஊர் இப்போது எந்த வரைபடத்திலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விற்ற விலை, வாங்கிய விலை எழுத வேண்டாம். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நகல் எடுத்து நம் கல்லூரி நூலகத்தில் ஒரு கோப்பாக வைப்பதற்கு முதல்வர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வரிசை எண் போடுவது என் பொறுப்பு. ஒன்றாம் எண்ணை இரண்டு கிணற்று வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது எங்கள் அம்மாவின் லயம்.

மூன்றாம் எண் காலியாக இருக்கிறது. காபி, போண்டா அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கையோடு தாளைத் தொடாதீர்கள்.